பெரிய பரிசு, தடுமாறும் கை

தீபாவளி நெருங்கினால் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. கடைக்குள்ளே, துணியைப் பிரித்துக் காட்டி மறுபடி மடித்து வைக்கும் விற்பனையாளர்களுக்குக் கமிஷன் ஆசையைக் கூட்டினால் வேலையும் கூடுமா?

மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் டான் ஏரியலி முதலிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மொத்தம் ஆறு விளையாட்டுகள். அதில் ஒன்று, பலகையைச் சாய்த்துச் சாய்த்து, சின்னக் குண்டு குழியில் விழாமல் நகர்த்துவது. மிக நன்றாக ஆடினால் ஆட்டத்துக்குச் சிலருக்கு 4 ரூபாய், சிலருக்கு 40, சிலருக்கு 400. 400 ரூபாய்க்காரர் ஆறிலும் ஜெயித்தால் 2,400 ரூபாய். அன்றைக்குக் கிராமத்தில் ஒருவரின் பல மாதச் செலவு அது. 4 ரூபாய்க்காரர்களும் 40 ரூபாய்க்காரர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஆடினார்கள். 400 ரூபாய்க்காரர்கள்தான் மிக மோசம்! பதற்றம் கையைக் கெடுத்துவிடுகிறது என்கிறது 2009-இல் வெளியான அந்த ஆய்வு. அதே ஆய்வாளர்கள் அமெரிக்காவில் நடத்திய சோதனையில், வெறுமனே பொத்தானைத் தட்டும் வேலையில் மட்டும் அதிகப் பணம் வேகத்தைக் கூட்டியது.

கடை முதலாளிகளே, எட்டாத டார்கெட்டுக்குப் பெரும் தொகை அறிவிப்பதைவிட, கைக்கு எட்டும் கமிஷன் கொடுங்கள். நாள் முழுக்க நிற்கும் விற்பனையாளர்கள் உட்கார ஒரு நாற்காலியும் போடுங்கள்; 2021-லேயே தமிழ்நாடு அதைச் சட்டமாக்கிவிட்டது.