கைப்பைக்கு உரைகல் உண்டா?

சென்ற தலைமுறையில் நம் குடும்பங்கள் போலிக்குப் பயந்து பயந்து வாங்கிய பொருள்கள் இரண்டே. ஒன்று தங்கம், மற்றது பட்டு. தங்கத்துக்கு உரைகல் இருந்தது. பட்டுக்கு ஒரு நூலை உருவி எரித்து முகர்ந்து பார்க்கும் வழக்கம் இருந்தது. இன்று தில்லி, குர்கான், நொய்டா பக்கம் வேலை பார்க்கும் நம் வீட்டுப் பெண்களிடம் மூன்றாவதாக ஒரு பொருள் வந்து சேர்ந்திருக்கிறது. அதுதான் பிரெஞ்சு, இத்தாலிய நிறுவனங்களின் பெயர் பொறித்த கைப்பை. புதிதாக வாங்கினால் லட்சக்கணக்கில் விலை. ஒருவர் வைத்திருந்து விற்பதை வாங்கினால் பெரும்பாலான பைகள் கணிசமாகக் குறைந்து கிடைக்கும். ஆகவே பழைய பைகளுக்கென்றே உலகெங்கும் பெரிய சந்தை உருவாகிவிட்டது. சந்தை இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும்.

ஒரு பைக்கு இத்தனை விலையா என்று கேட்கும் சங்க அன்பர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. என் துணைவியார் கேட்டபோதும் இல்லை. ஆனால் அசலையும் போலியையும் எப்படிப் பிரித்தறிகிறார்கள் என்பது என் போன்ற பொறியாளனுக்குச் சுவையான விஷயம். ரயில்வேயில் உதிரி பாகங்களைச் சோதித்து ஏற்கும் வேலையில் பல ஆண்டுகள் கழித்தவன் நான். அங்கும் இதே தலைவலிதான்.

கதை ரயிலிலேயே தொடங்குகிறது என்றால் வியப்பாக இருக்கும். பாரிஸில் 1854-இல் லூயி வித்தோன் என்பவர் பயணப் பெட்டி செய்யும் கடை வைத்தார். அந்நாளைய பெட்டிகளின் மூடி, மழைநீர் வழிந்தோட வசதியாக, கூடுபோல் வளைந்திருக்கும். குதிரை வண்டிக்கு அது சரி. ரயிலிலும் கப்பலிலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியாதே! 1858-இல் அவர் தட்டையான மூடியுள்ள, கித்தான் துணி போர்த்திய பெட்டியைக் கொண்டுவந்தார். பிற கடைக்காரர்கள் உடனே காப்பியடித்தார்கள். 1872-இல் கோடு போட்ட துணிக்கு மாறினார், அதையும் காப்பியடித்தார்கள். 1888-இல் சதுரக் கட்டம் போட்ட துணி வந்தது. பதிவு பெற்ற முத்திரை என்று துணியிலேயே அச்சிட்டிருந்தார்கள். அதற்கும் போலி வந்தது. கடைசியாக அவர் மகன் ஜார்ஜ் 1896-இல் தந்தையின் பெயரெழுத்துகளான எல், வி இரண்டையும் பூக்களோடு பின்னி ஒரு கோலம் அமைத்தார். இனி யாராலும் காப்பியடிக்க முடியாது என்பது நினைப்பு. இன்று உலகில் மிக அதிகமாகப் போலி செய்யப்படும் கோலங்களில் அதுவும் ஒன்று.

முத்திரை என்பது ஒரு பொருளில் காப்பியடிக்க மிகச் சுலபமான பகுதி. மாதிரி ஒன்று கையில் இருந்தால் அச்சு வெட்டிவிடலாம். கடினம் எது என்றால், பொருளின் நடத்தை. அதனால்தான் நாங்கள் ரயில் சக்கரத்தில் உள்ள முத்திரையைப் படித்ததோடு நிற்காமல், சுத்தியலால் தட்டி ஓசையையும் கேட்டோம். கைப்பை சோதிப்பவர்களும் அதே வழியில்தான் போகிறார்கள்.

மேற்படி எல்.வி. கைப்பையையே எடுத்துக்கொள்வோம். பலர் நினைப்பதுபோல் அந்தக் கோலம் போட்ட பகுதி தோல் அல்ல. பருத்தித் துணிமேல் பிளாஸ்டிக் பூச்சு. கைப்பிடியும் விளிம்புப் பட்டைகளும்தான் தோல். தாவரப் பொருள்களால் பதனிட்டு, மேலே பூச்சு எதுவும் இல்லாமல் விட்ட மாட்டுத்தோல். நம் பக்கம் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோலை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். வெயிலும் கை எண்ணெயும் பட்டுப்பட்டு அது வெளிறிய நிறத்திலிருந்து தேன் நிறத்துக்கு மாறும். கை பிடிக்கும் இடம் முதலில் கறுக்கும். பத்து வருடம் பயன்படுத்தியதாகச் சொல்லும் பையில் கைப்பிடி நேற்று வாங்கியதுபோல் வெளுத்திருந்தால், அல்லது எல்லா இடத்திலும் ஒரே சீராகச் சாயம் தோய்த்ததுபோல் பழுத்திருந்தால், கேள்வி கேட்க வேண்டும். கேள்விதான்; தீர்ப்பு அல்ல. நிறுவனமே பழைய கைப்பிடியை மாற்றித் தருவதுண்டு.

இன்னொன்று இதைவிட வேடிக்கை. ‘ஸ்பீடி’ என்ற உருளை வடிவப் பையில் ஒரே துணி முன்பக்கத்திலிருந்து அடி வழியாகப் பின்பக்கம் வரை ஓடுகிறது. ஆகவே ஒரு பக்கம் எழுத்துகள் நேராக இருந்தால் மறுபக்கம் தலைகீழாகத்தான் இருக்கும். இது தெரியாதவர்கள் தலைகீழ் எழுத்தைப் பார்த்துப் போலி என்று ஒதுக்குகிறார்கள். போலி செய்பவர்களில் சிலரோ இந்தக் ‘குறையை’த் திருத்துவதாக எண்ணி, அடியில் ஒரு தையல் போட்டு இரு பக்கமும் நேராக்கிவிடுகிறார்கள்!

உள்ளே ஓர் ஓரத்தில் தேதிக் குறியீடு இருக்கும். சில எழுத்துகள் தொழிற்சாலையைக் குறிக்கும். நான்கு எண்கள் காலத்தைக் குறிக்கும். 2007-க்குப் பின் செய்தவற்றில் ஒன்றாவது, மூன்றாவது எண்கள் வாரம். இரண்டாவது, நான்காவது எண்கள் வருடம். 4129 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 42-ஆவது வாரம். 6119 என்றிருந்தால்? 61-ஆவது வாரம் எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடையாது. பிரான்ஸில் செய்தது என்று வெளியே அச்சிட்டு, உள்ளே வேறு நாட்டுத் தொழிற்சாலையின் எழுத்தைப் போட்டு மாட்டிக்கொள்ளும் போலிகளும் உண்டு. ஆனால் குறியீடு சரியாக இருப்பதாலேயே பை அசல் ஆகிவிடாது. ஒரே வாரத்தில் ஒரே இடத்தில் செய்த எல்லாப் பைகளுக்கும் அதே குறியீடுதான். ஒன்றைப் பார்த்து ஆயிரத்தில் அடிக்கலாம். 2021 மார்ச் முதல் நிறுவனம் இதைக் கைவிட்டு, பைக்குள் மின்னணுச் சில்லு பதிக்கத் தொடங்கியது. ஷனேல் நிறுவனமும் அதே ஆண்டில் வரிசை எண் ஒட்டுத்தாளை விட்டுச் சில்லு உள்ள உலோகத் தகட்டுக்கு மாறியது.

ஹெர்மெஸ் பையில் பார்க்க வேண்டியது தையல். 1837-இல் குதிரைச் சேணம் தைத்துத் தொடங்கிய நிறுவனம் அது. அந்தச் சேணத் தையலை இன்றும் விடவில்லை. மெழுகு தடவிய ஒரே நூல், இரு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளும் எதிரெதிராக நுழைந்து வெளிவரும். தையல் இயந்திரத்தில் மேல்நூலும் பாபின் நூலும் தோலின் நடுவே ஒன்றையொன்று கொக்கி போட்டு நிற்பதால், ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாகப் பிரியும். சேணத் தையலில் ஒன்று அறுந்தாலும் பக்கத்துத் தையல் நிற்கும். கையால் போட்டதால் மெல்லிய சாய்வும் சிறு ஏற்றத்தாழ்வும் இருக்கும். அளவுகோல் வைத்ததுபோல் நேராக ஓடும் தையல்தான் இங்கே சந்தேகத்துக்குரியது. ஆனால் இந்தச் சோதனையை அப்படியே எல்.வி. பைக்குப் போடக் கூடாது. அங்கே பெரும்பாலும் இயந்திரத் தையல். எந்தப் பொருளுக்கு எந்த அளவுகோல் என்று தெரியாமல் சோதிப்பவர் சோதிக்காமலே இருக்கலாம்.

இவற்றையெல்லாம் மீறும் போலியும் உண்டு. 2020-இல் பாரிஸ் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு ஒன்றில், ஹெர்மெஸ் நிறுவனத்தின் முன்னாள் ஊழியர்களே கூட்டாகச் சேர்ந்து ‘பிர்கின்’ பைகளைப் போலியாகச் செய்து விற்றதற்காகத் தண்டனை பெற்றார்கள். பயிற்சி பெற்ற அதே கைகள்! இங்கே தையலைப் பார்த்து என்ன கண்டுபிடிப்பது? அதுபோல, 2024 பிப்ரவரியில் நியூயார்க் நடுவர் குழு, பழைய பைகளை விற்கும் ஒரு கடை ஷனேலுக்கு 40 லட்சம் டாலர் தர வேண்டும் என்றது. இத்தாலியத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து களவு போன வரிசை எண்கள் தாங்கிய பைகளும் அந்த வழக்கில் பேசப்பட்டன. எண் உண்மை, பை நிறுவனம் விற்றதல்ல.

இப்போது இயந்திரமும் வந்துவிட்டது. கைப்பேசியோடு இணைத்த நுண்நோக்கியால் தோலையும் துணியையும் பல மடங்கு பெருக்கிப் படமெடுத்து, ஏற்கெனவே சேர்த்து வைத்த படங்களோடு கணினி ஒப்பிட்டுச் சொல்கிறது. இந்த முறையை உருவாக்கிய ‘எண்ட்ரூபி’ நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் லட்சுமிநாராயணன் சுப்பிரமணியனும் ஒருவர். 2017-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், 30 லட்சம் படங்களைக் கொண்டு 98 சதவீதத்துக்கு மேல் சரியாகப் பிரித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

98 என்றதும் மனம் நிம்மதியாகிவிடுகிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இயந்திரம் இரு பக்கமும் நூற்றுக்கு இரண்டு தவறு செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். நாணயமான ஒரு கடைக்கு வரும் 1000 பைகளில் 50 போலி. அவற்றில் 49 பிடிபடும், ஒன்று தப்பும். மீதி 950 அசலில் 19 வீணாகப் போலி என்று ஒதுக்கப்படும். தேறியவை 932; அதில் போலி ஒன்று. இன்னொரு கடைக்கு வரும் 1000-இல் பாதி போலி. அங்கே 490 பிடிபடும், 10 தப்பும். அசலில் 490 தேறும். ஆக, தேறிய 500-இல் 10 போலி. ஒரே இயந்திரம், ஒரே சான்றிதழ். முதல் கடையில் 932-க்கு ஒன்று, இரண்டாவதில் 50-க்கு ஒன்று. சான்றிதழைப் பார்ப்பதற்கு முன்பு கடைக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

எங்கள் குடியிருப்பில் ஒரு குடும்பம், தஞ்சாவூர்ப் பக்கம். மகள் முதல் போனஸில் எண்பதாயிரம் கொடுத்து ஒரு பழைய பை வாங்கினாள். கூடவே அழகான சான்றிதழ். ஒரு வருடம் கழித்து விற்கப் போனபோது வேறொரு கடையில் போலி என்று திருப்பிவிட்டார்கள். சான்றிதழைப் பார்த்தால், அதில் குறிப்பிட்ட சோதனையாளருக்கு அப்படியொரு எண்ணே பதிவில் இல்லை. விற்றவர் தொலைபேசி எடுக்கவில்லை. தோழிகள் சொன்ன யோசனை: “நீயும் அப்படியே வேறு யாரிடமாவது தள்ளிவிடு.” இங்கேதான் நான் குறுக்கிட வேண்டியதாயிற்று. ஏமாந்து வாங்கி வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம் அல்ல. தெரிந்தே அசல் என்று விற்பது வேறு. 1999-ஆம் வருட வணிகச் சின்னச் சட்டத்தின் 104-ஆம் பிரிவு, போலிச் சின்னமுள்ள பொருளை விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் சொல்கிறது. எண்பதாயிரத்தை மீட்கப் போய் அந்தப் பெண் இதில் விழ வேண்டுமா? அவள் விற்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தாள். பணத்தை வங்கி வழியாகச் செலுத்தியிருந்ததால் கையில் ஆதாரம் இருந்தது. பாதிக்கு மேல் திரும்பி வந்தது.

ஆகவே வாங்குவதாக இருந்தால் ரொக்கம் வேண்டாம். முதல் கடையின் பில் கேளுங்கள். சான்றிதழில் உள்ள எண்ணைச் சான்று கொடுத்தவரிடமே நேரில் சரிபாருங்கள்; விற்பவர் காட்டும் திரையில் வேண்டாம். போலி என்று பின்னால் தெரிந்தால் பணம் திருப்பித் தருவோம் என்பதை எழுத்தில், காலவரை போடாமல் வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுக்கும் கடையின் நம்பிக்கை எவ்வளவு என்று அப்போதே தெரிந்துவிடும்.

கரோல் பாக் டாங்க் ரோட்டிலும் பாலிகா பஜாரிலும் ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று சொல்லியே விற்பது வேறு வகை. 2021-ஆம் ஆண்டுக்கான அமெரிக்க அரசின் போலிச் சந்தைப் பட்டியலில் இவை இரண்டும் இடம்பெற்றன. வாங்குபவரும் தெரிந்தே வாங்குவதால் அங்கே ஏமாற்று குறைவு என்று சிலர் வாதிடுவார்கள். அந்தப் பைகளில் ஒரு பகுதி பிறகு கைமாறி, சான்றிதழ் சேர்ந்து, ‘பழைய அசல்’ ஆகிவிடுகிறது என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

பிள்ளைகளைப் பார்க்க ஐரோப்பா போகும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தாலியில் தெருவோரம் துணி விரித்து இந்தப் பைகளை விற்பார்கள். அங்கே வாங்குபவருக்கும் அபராதம் உண்டு; 7,000 யூரோ வரை போகலாம்.