வெளித்திண்ணை அமைப்போம்

மீள்குடியேறிய கிராமம் ஒன்றுக்குள் பிற்பகல் இரண்டு மணிக்குச் சென்று பாருங்கள். வீட்டுக்குள் ஒருவரும் இருக்கமாட்டார்கள். சுவர் சூடு, கூரை சூடு, மின்விசிறி இருந்தாலும் சுற்றுவது சூட்டுக்காற்று. தாய்மாரும் பிள்ளைகளும் வேப்பமரத்தடியிலோ வீட்டின் நிழல் விழும் பக்கத்திலோ ஒரு சாக்கை விரித்துக்கொண்டு இருப்பார்கள். அரிசி புடைப்பதும், பிள்ளைக்குப் பேன் பார்ப்பதும், ஓலை பின்னுவதும், கணக்குப் பார்ப்பதும் அங்கேதான். எமது வாழ்க்கையில் பாதி வீட்டுக்கு வெளியே நடக்கிறது. ஆனால் வீடு கட்டும்போது அந்தப் பாதிக்கு நாம் இடம் ஒதுக்குவதில்லை.

2012 இல் வடக்கு கிழக்கில் ஆரம்பித்த இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டங்களாக வழங்கப்பட்டது. வீட்டின் அளவு ஏறக்குறைய 550 சதுர அடி. தகரக் கொட்டிலில் இருந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல் என்பதில் ஐயமில்லை. எனினும் எமது பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். நாற்சார் வீட்டில் நடுமுற்றம் இருந்தது. முன்புறம் திண்ணை இருந்தது. வசதியுள்ளவர்கள் வீட்டில் நாலுபேர் கூடுவதற்கு மால் இருந்தது. தெருவால் போகிறவர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவதற்குப் படலையிலேயே கூரை போட்டுச் 'சங்கடப்படலை' என்று வைத்தார்கள். இந்த இடங்கள் எதுவும் இன்றைய வீட்டு வரைபடத்தில் இல்லை. அவற்றை நாமாகத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெண் தனியே குடும்பம் நடத்தும் வீட்டுக்கு இது இன்னும் அவசியம். கடன் தவணை கேட்டு வருபவர், பெயர் பதிய வருபவர், உறவு சொல்லிக்கொண்டு வருபவர் என்று நாளாந்தம் யாராவது வருகிறார்கள். வாசலில் நிறுத்தி வைத்துப் பேசினால் மரியாதைக் குறைவு; உள்ளே எடுத்தால் அயலில் கதை. வெளியில் ஒழுங்கான இருக்கை இருந்தால், எல்லோரும் பார்க்க, நாலு கதிரை போட்டு மரியாதையாகப் பேசி அனுப்பலாம். வீட்டுக்குள் யார் வரலாம் என்பதை நாமே முடிவு செய்யலாம்.

கணவனை இழந்தவள் முன்வாசலில் நிற்கக்கூடாது, பயணம் போகிறவர் கண்ணில் படக்கூடாது என்ற பேச்சு இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதற்குப் பயந்து பின்பக்கத்துக் குசினியோடு ஒதுங்கிப்போன சகோதரிகள் பலர். நான் சொல்வேன், திண்ணையை முன்பக்கத்திலேயே கட்டுங்கள். உழைத்துக் குடும்பம் பார்ப்பவள் தன் வீட்டு முன்வாசலில் இருப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

எந்தப் பக்கம்?

சீமெந்து வாங்குவதற்கு முன் மூன்று நாள் வெயிலைப் பாருங்கள். காலை ஒன்பது மணி, நண்பகல், பிற்பகல் நான்கு மணி ஆகிய நேரங்களில் நிழல் எங்கே விழுகிறதென்று தடி ஊன்றி அடையாளமிடுங்கள். எமது நாட்டில் சூரியன் வருடத்தில் இருமுறை தலைக்கு நேர்மேலே வரும். ஏப்ரல் முற்பாதியில் ஒருமுறை, ஓகஸ்ட் இறுதிக்கும் செப்டெம்பர் தொடக்கத்துக்கும் இடையில் இன்னொருமுறை. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் சற்று வடக்கிலிருந்தும், மற்ற மாதங்களில் தெற்கிலிருந்தும் சாய்ந்து வரும். ஆனால் எந்த மாதத்திலும் பிற்பகல் வெயில் மேற்கிலிருந்துதான். அதுதான் சுடுகிற வெயில்.

எனவே கிழக்குப் பக்கத்துத் திண்ணை நல்லது. மதியம் திரும்பியதும் வீடே அதற்குக் குடை பிடிக்கும். அதில் ஒரு குறையும் உண்டு. ஒக்டோபர் தொடக்கம் வடகீழ்ப் பருவ மழை அந்தப் பக்கத்தால்தான் அடிக்கும். அந்த மாதங்களுக்கு மட்டும் கட்டி, பிறகு கழற்றி வைக்கக்கூடிய ஒரு கிடுகுத் தட்டி போதும். வீட்டு வாசல் மேற்கே பார்த்திருந்தால் மனம் தளர வேண்டாம். கூரை விளிம்பை ஆறரை அடிக்குத் தாழ்த்தி, அதன் முன் கொடிப் பந்தல் ஒன்று போட்டால் வெயில் அடங்கும். சோளகக் காற்றும், மட்டக்களப்புப் பக்கத்தில் கச்சானும் புழுதியை அள்ளிவரும் திசையில் கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவைக் கதியால்களை நெருக்கமாக நடுங்கள்.

தென்னைக்குக் கீழே திண்ணை வேண்டாம். தேங்காயும் மட்டையும் நேரம் பார்த்து விழுவதில்லை. முருங்கையும் காற்றுக்கு முறியும். வேம்பு சிறந்தது, ஆனால் வேர் தளத்தைத் தூக்காதபடி தள்ளி நில்லுங்கள்.

மண்வெட்டி எடுப்பதற்கு முன்

இதைப் படித்துவிட்டு மறந்துவிடாதீர்கள். கண்ணிவெடியற்ற நாடாவதற்கு ஒட்டாவா உடன்படிக்கையின் கீழ் இலங்கைக்கு விதிக்கப்பட்ட காலக்கெடு 2028 ஜூன் மாதம். அகற்றி முடித்த காணி என்றாலும், தூணுக்குக் குழி வெட்டும்போது துருப்பிடித்த இரும்புத் துண்டோ, பிளாஸ்டிக் மூடி போன்ற பொருளோ, வயரோ தென்பட்டால் தொடவேண்டாம், அசைக்கவும் வேண்டாம். வந்த வழியாலேயே விலகி, பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்தி, அந்த இடத்தை அடையாளமிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கோ அறிவியுங்கள். புதிதாகத் துப்புரவாக்கும் நிலத்தில் குப்பையைக் குவித்து நெருப்பு வைப்பதும் இதே காரணத்தால் ஆபத்தானது. கீழே கிடப்பது என்னவென்று நெருப்புக்குத் தெரியாது.

தளம்

12 அடி நீளம், 8 அடி அகலம் ஒரு சிறு குடும்பத்துக்குப் போதும். தையல் மெஷின் ஒன்று, பாய் ஒன்று, இரண்டு கதிரை வைத்தும் நடமாட இடமிருக்கும். புல்லையும் மேல்மண்ணையும் அகற்றி, கிறவலை ஆறு அங்குலம் ஆறு அங்குலமாகப் போட்டு, தண்ணீர் தெளித்து இடித்து இறுக்குங்கள். இந்த வேலையில் அவசரப்பட்டால் அடுத்த மாரிக்குத் தளம் வெடிக்கும்.

விலை மாறிக்கொண்டே இருப்பதால் அளவை மட்டும் சொல்கிறேன். மேற்சொன்ன அளவுக்கு மூன்று அங்குலக் கொங்கிறீற், ஒன்றுக்கு மூன்று மணல், ஆறு சல்லி என்ற கலவையில் போடுவதானால் 50 கிலோ சீமெந்துப் பை 3, மணல் 11 கனஅடி, சல்லி 22 கனஅடி தேவை. மேலே அரை அங்குலப் பூச்சுக்கு இன்னொரு பையும் 4 கனஅடி மணலும். சிந்துவது சிதறுவதையும் சேர்த்து 5 பை என்று கணக்கு வைக்கலாம். மேசன் பத்துப் பை கேட்டால் எதற்கென்று கேளுங்கள். சுற்றுக் கட்டுக்கு என்றால் அதற்குரிய கல்லையும் எண்ணச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு? காசு எங்களுடையது.

தளம் வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக அடிக்குக் கால் அங்குலம் சரியவேண்டும். எட்டு அடிக்கு இரண்டு அங்குலம் இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

உறுதியோ அனுமதிப்பத்திரமோ கையில் கிடைக்காத காணியில் இருப்பவர்கள் சீமெந்தில் காசைப் புதைக்கவேண்டாம். புற்றுமண் குழைத்து அடித்து, சாணத்தால் மெழுகிய மண்திண்ணை குளிர்ச்சியிலும் அழகிலும் சீமெந்துக்குக் குறைந்ததல்ல. கிழமைக்கொருமுறை மெழுகும் வேலை இருக்கிறது, உண்மைதான். அதேபோல, திண்ணைக்கென்று கிழமைக் கடன் எடுக்கவும் வேண்டாம். இந்த வருடம் தளம், அடுத்த வருடம் கூரை என்று கட்டினாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

கூரை

கிடுகும் பனையோலையும்தான் குளிர்ச்சி. கிடுகை ஓரிரு வருடத்தில் மாற்ற வேண்டும். பனையோலை கூடுதல் காலம் தாங்கும். ஆனால் ஓலைக்கூரைக்கு நல்ல சரிவு வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்து எட்டு அடிக்குப் பத்தியாக இறக்கினால் அந்தச் சரிவு கிடைக்காது; மழை ஒழுகி ஓலை உக்கிவிடும். ஓலை விருப்பமென்றால் வீட்டோடு ஒட்டாமல் இருபக்கமும் சரியும் கொட்டிலாகத் தனியே போடுங்கள். அடுப்படியிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

பத்தியாக இறக்குவதற்குத் தகரம் பொருந்தும். அதன் மேல் கிடுகு பரப்பிக் கட்டினால் சூடு வெகுவாகக் குறையும், மழைச் சத்தமும் குறையும். உடைந்த வீடுகளிலிருந்து எடுத்த பழைய அஸ்பெஸ்டஸ் தகடுகள் பல வளவுகளில் சாத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. இலவசமாகக் கிடைக்கிறதென்று அவற்றை வாளால் அறுத்துப் பயன்படுத்தவேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருடங்களின் பின் புற்றுநோயாக வெளிப்படலாம்.

தூண்கள் இரண்டடி ஆழத்தில் இறங்கவேண்டும். கூரையைக் கம்பியால் தூணோடு இறுகக் கட்டுங்கள். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை மூத்தவர்கள் மறக்கமாட்டார்கள். 2020 டிசெம்பரில் திருகோணமலைக்கு வடக்கே புரெவி கரை கடந்தபோதும் முதலில் பறப்பது கட்டாத தகரம் என்பதைக் கண்டோம். பனஞ்சிலாகை போட விரும்புவோர், பனை தறிப்பதற்குப் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்கவேண்டும்.

குந்தும் சாய்தளமும்

கதிரை வாங்கும் காசில் சுவரோரமாக ஒரு குந்து கட்டலாம். காற்றுக்கோ வெயிலுக்கோ அது அழியாது, ஒருவரும் இரவல் கேட்கவும் முடியாது. உயரம் 16 முதல் 18 அங்குலம். அகலத்தை இரண்டரை அடியாக வைத்தால் பகலில் இருக்கை, இரவில் படுக்கை. தெருப்பக்கத்தில் மூன்றடி உயரத்துக்குமேல் வேலியோ தட்டியோ வேண்டாம். மூன்றடியென்றால் பாயில் இருப்பவரைத் தெருவுக்குத் தெரியாது. கதிரையில் இருப்பவருக்குத் தெரு தெரியும். உயரமாக மறைத்தால் மறைவாக இருக்கிறதென்று நமக்குத் தோன்றும். ஆனால் இருட்டியபின் அந்த மறைவு வேறு யாருக்காவது உதவும். திண்ணை விளக்கின் சுவிட்சை வீட்டுக்குள் வையுங்கள். கதவைத் திறக்காமலே வெளியில் நிற்பது யாரென்று யன்னலால் பார்க்கலாம். மின்சாரம் இல்லாத வீட்டுக்கு ஒரு சிறு சூரியவிளக்குப் போதும்.

கால் இழந்தவர், சக்கரநாற்காலியில் இருப்பவர், முதியவர் உள்ள வீட்டில் படி வைப்பதோடு நிறுத்தவேண்டாம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது சாய்தளக் கணக்கு. திண்ணை ஓரடி உயரமென்றால் சாய்தளம் 12 அடி நீளம் வேண்டும். அகலம் மூன்றடிக்குக் குறையக்கூடாது. அந்த நீளத்துக்கு வளவில் இடமில்லாவிட்டால் திண்ணையின் உயரத்தைக் குறைப்பதே வழி. வழுக்காதபடி பூச்சு ஈரமாக இருக்கும்போதே தும்புத்தடியால் குறுக்கே கோடு இழுத்துவிடுங்கள். பல வீடுகளில் சக்கரநாற்காலி உள்ளேயே கிடப்பதற்குக் காரணம் ஆறு அங்குல வாசற்படி ஒன்றுதான்.

குந்தைப் படலை தெரியும் பக்கமாகக் கட்டச் சொல்வார்கள் எமது அம்மாமார். படலையைப் பார்த்தபடி இருக்கும் பழக்கம் எம்மில் பலருக்கு உண்டு. ஏனென்று இங்கே எழுதத் தேவையில்லை. அவர்கள் விருப்பப்படியே கட்டிக்கொடுங்கள்.

அழகு

காசு செலவழித்து அழகுபடுத்தும் பக்கங்களைச் சஞ்சிகைகளில் பார்த்துப் பெருமூச்சு விடவேண்டாம். மேற்பூச்சில் சிவப்புச் சாயம் கலந்து தேய்த்த தளத்தைப் போல் குளிர்ச்சியும் அழகும் எந்த மாபிளிலும் இல்லை என்பது என் எண்ணம். பால்மா ரின், உடைந்த குடம், பழைய வாளி எல்லாம் பூச்சாடிதான். அடியில் துளை போட மறக்காதீர்கள். தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு குடியேறும். சாடிக்குக் கீழே வைக்கும் தட்டையும் சிரட்டைகளையும் கிழமைக்கொருமுறை கவிழ்த்துவிடுங்கள். வாசலோரம் செவ்வரத்தை, நித்தியகல்யாணி, நந்தியாவட்டை. எட்டும் தூரத்தில் துளசி, கற்றாளை, வல்லாரை. சாமான் கழுவும் தண்ணீரைக் கறிவேப்பிலைக் கன்றுக்குத் திருப்பிவிடலாம்.

பந்தலுக்கு எனது தெரிவு கொடித்தோடை. நிழல், பூ, பழம் மூன்றும் தரும். பொறுமை இல்லாதவர்கள் புடலை போடுங்கள். இரண்டரை மாதத்தில் காய் பிடிக்கும். நுனியில் சிறு கல் கட்டித் தொங்கவிட்ட புடலங்காய்களுக்குக் கீழே இருந்து தைப்பது தனிச்சுகம், தலையில் இடிபடாமல் பார்த்துக்கொண்டால். பந்தலை ஆறரை அடிக்குக் குறையாமல் உயர்த்துங்கள்.

வேலையைத் தை மாதக் கடைசியில், மழை ஓய்ந்த பின் தொடங்குவது நல்லது. மண் இளகியிருக்கும், கிணற்றில் தண்ணீரும் இருக்கும். தளம் போட்ட மறுநாள் தொடக்கம் ஏழு நாளைக்குச் சாக்கு விரித்துக் காலையும் மாலையும் தண்ணீர் விடுங்கள். அந்த ஏழு நாளும் கோழிகளைக் கூட்டில் அடைத்து வையுங்கள்.