தராசு முள்ளைக் கவனியுங்கள்

1975-ஆம் ஆண்டு காந்தி ஜயந்தியன்று 33 வட்டாரங்களில் ஆரம்பிக்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம், இணை உணவு, தடுப்பூசி, உடற்பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், முன்பருவக் கல்வி, தாய்மார்க்கான போஷாக்குப் போதனை ஆகிய ஆறையும் ஒருங்கே அளிக்கும் உத்தேசத்தோடு பிறந்தது. ஆறும் ஒரு குழந்தையினிடத்தில் வந்து கூடுகின்றனவா என்று நம் ஊர் அங்கன்வாடியில் (கிழவிகள் இன்னும் பால்வாடி என்றே சொல்லுகிறார்கள்) கேட்பார் அதிகமில்லை. பதிவேட்டில் எத்தனை பெயர், எத்தனை கிலோ சத்துமாவு என்று எண்ணி முடித்தாலே பரிசீலனை தீர்ந்ததாக நினைத்துவிடுகிறோம்.

என் அபிப்பிராயத்தில் முதலில் பார்க்கவேண்டியது எடைத் தராசு. குழந்தையை ஏற்றுமுன் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா, செருப்பைக் கழற்றினார்களா, அழுது திமிறுகிற பிள்ளை அடங்கி முள்ளின் ஆட்டம் ஓயும்வரை பொறுத்திருந்து எடையைப் படிக்கிறார்களா, படித்தது அப்பொழுதே வளர்ச்சி அட்டையில் புள்ளியாக விழுகிறதா என்று தாய்மார் கவனிக்கவேண்டும். புள்ளிகளைச் சேர்க்கும் கோடு மாதக்கணக்கில் மேலேறாமல் படுத்துக்கிடந்தால், பார்வைக்குப் பிள்ளை கொழுகொழுவென்றிருப்பினும் அபாயம் உண்டு. அதைக் கண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பாமல் மாவுப் பொட்டலத்தை மட்டும் கையில் கொடுப்பார்களாயின் ஒருங்கிணைப்பு என்பது பலகையில் எழுதியதோடு சரி. இதற்காகப் பணியாளரைத் திட்டுவது நியாயமன்று. வாக்காளர் பட்டியல் வேலைக்கும் பல இடங்களில் அவரைத்தானே அழைக்கிறார்கள்!

2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், பிரசவித்து 6 மாதம்வரை தாய்க்கும் அங்கன்வாடி உணவு இலவச உரிமை; தரப்படாவிடில் உணவுப் பாதுகாப்புப் படி கோரலாம். 40 குழந்தைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு மனுச் செய்தால் மூன்று மாதத்துக்குள் அமைக்கவேண்டுமென்று 2006-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

குறையை முதலில் மேற்பார்வையாளரிடமும், பிறகு குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடமும், அங்கும் பயனில்லையேல் ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் நாளிலும் எழுத்தில் கொடுக்கலாம். உணவு பற்றிய புகாரை மாவட்டக் குறைதீர் அலுவலருக்கும், மேல்முறையீடாக மாநில உணவு ஆணையத்துக்கும் கொண்டுபோகலாம். பதிவேட்டின் நகல் வேண்டுமானால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 30 நாளில் பதில் தரவேண்டும். எந்த மனுவானாலும் ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள். வளர்ச்சி அட்டையின் நகலை மனுவுடன் இணையுங்கள், அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.