வீட்டுக்கு ஒரு மொழி, வீதிக்கு ஒரு மொழி

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில் உள்ள சிற்றூர் இடைசெவல். கரிசல் மண், வானம் பார்த்த வெள்ளாமை. இந்த ஒரே ஊர் தமிழுக்கு இரண்டு பெரும் எழுத்தாளர்களைத் தந்தது. கு. அழகிரிசாமிக்கு 1970-லும், கி. ராஜநாராயணனுக்கு 1991-லும் சாகித்திய அக்காதெமிப் பரிசு கிடைத்தது. இருவருக்கும் வீட்டு மொழி தெலுங்கு என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும்!

கரிசல் சீமைக்காரருக்கு இதில் வியப்பே கிடையாது. விஜயநகர ஆட்சியிலும், பின்னர் மதுரை நாயக்கர் ஆட்சியிலும் வடக்கேயிருந்து வந்து, காடு திருத்திக் குடியேறியவர்கள் கம்மவார், ரெட்டியார், கம்பளத்தார் முதலியோர். நூற்றாண்டுகள் பல சென்றும் அடுப்படியில் அது 'நீள்ளு'தான். கடைவீதிக்கு வந்தால் தண்ணீர். 1799-ல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனும் கம்பளத்தார் குலத்தவரே. 1959-ல் வெளிவந்த படத்தில் அவர் பேசும் செந்தமிழ் வசனத்துக்குக் கைதட்டியவர்களில் எத்தனை பேர் இதை நினைத்துப் பார்த்திருப்பார்கள்!

பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாவிரதமிருந்து 1952 டிசம்பரில் உயிர் நீத்தார். மறு ஆண்டே ஆந்திர மாநிலம் பிறந்தது. 1956-ல் தேசமெங்கும் மொழிவழி எல்லைகள் வகுக்கப்பட்டன. ஆனால் எல்லைக்கோடு ஊர்களைத்தான் பிரிக்கும். தெருக்களையும் வீடுகளையும் பிரிக்க முடியுமா? இத்தகையோரை எண்ணியே அதே ஆண்டில் அரசியல் சட்டத்தில் 350-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அது.

நல்ல சட்டந்தான். ஆனால் எந்தத் தெலுங்கைக் கற்பிப்பது? விஜயவாடாவின் ஏட்டுத் தெலுங்கு கரிசல் குழந்தைக்கு ஏறக்குறைய அயல்மொழி. பாட்டி பேசும் தெலுங்கிலோ தமிழ் ஏராளமாகக் கலந்து கிடக்கிறது. அதற்குப் பாடநூல் கிடையாது. அதைப் பேசுவோரில் பலருக்குத் தெலுங்கு எழுத்தே தெரியாது. பள்ளி, பஞ்சாயத்து, ரேஷன் கடை எல்லாம் தமிழ். 2006-ம் ஆண்டுச் சட்டம் முதல் வகுப்பிலிருந்து தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. பிழைப்புக்குத் தமிழ் வேண்டும் என்பதைக் கரிசல் தெலுங்கரும் அறிவர். யாரும் பலவந்தமாக அவர்களுடைய மொழியைப் பறிக்கவில்லை. அது தானாகவே கைநழுவுகிறது. அதுதான் சங்கடம்!

அந்தக் குடியேற்றக் கதையைக் கி.ரா. 'கோபல்ல கிராமம்' நாவலாக்கினார், தமிழில். கரிசல் வட்டாரச் சொற்களுக்கு 1982-ல் அகராதி தொகுத்தார்; அதுவும் தமிழ்ச் சொற்களுக்கே. 2021 மே மாதம் புதுச்சேரியில் காலமான அவர், அரசு மரியாதையுடன் இடைசெவலில் அடக்கம் செய்யப்பட்டார். கரிசல் கிராமங்களில் பாட்டிமார் இன்றும் தெலுங்கில்தான் கூப்பிடுகிறார்கள். பேரப்பிள்ளைகள் தமிழில் பதில் சொல்கிறார்கள்.