வயல் நடுவே நிற்கும் தனிமரம்

வயல் நடுவே ஒரு மருது, வரம்போரம் ஓர் இலுப்பை, மேட்டு நிலத்தில் நாலைந்து வேம்பு, தோட்ட மூலையில் ஓர் ஆல். எமது கிராமங்களில் இவ்வாறு சிதறி நிற்கும் மரங்களைத் தறிப்பதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. உழவு இயந்திரம் திரும்ப இடைஞ்சல். நிழல் விழுந்து பயிர் மெலிகிறது. வியாபாரி நல்ல விலை கேட்கிறார். செங்கற் சூளைக்கு விறகு வேண்டும். இவற்றோடு, மரம் நின்றால் காட்டுப் பூச்சிகள் வயலுக்கு வந்துவிடும் என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. காட்டுப் பூச்சிகள் வரும் என்பது உண்மையே. அதனால் கமக்காரருக்கு நட்டமா, இலாபமா என்பதையே நாம் ஆராய வேண்டும்.

வெட்டவெளி ஒரு தடை

காட்டில் வாழும் பூச்சிகளிற் பல நிழலுக்கும் ஈரலிப்புக்கும் பழகியவை. வெட்டவெளியில் வெயிலும் வரண்ட காற்றும் அவற்றின் சிறிய உடலை விரைவில் உலர்த்திவிடும். ஒதுங்க இடம் இராது. தேன் எடுக்கப் பூ இராது. பறவைகளுக்கும் தும்பிகளுக்கும் இலகுவில் இரையாகிவிடும்.

ஆகவே, காடு வெட்டப்பட்டுத் துண்டு துண்டாகும்போது, ஒவ்வொரு துண்டிலும் உள்ள பூச்சிகள் தனித்துப் போகின்றன. ஒரு கடும் வரட்சியிலோ காட்டுத் தீயிலோ அச்சிறு கூட்டம் அழிந்தால், அந்த இடத்தை நிரப்ப வேறு காட்டிலிருந்து வருபவை இல்லை. இவ்வாறுதான் மரங்கள் நிற்கும் காட்டிலேயே பூச்சியினங்கள் ஒவ்வொன்றாக மறைந்து போகின்றன.

இங்கேதான் தனிமரம் உதவுகிறது. ஆற்றைக் கடப்பதற்கு இடையிடையே போட்ட கற்களைப் போல, அது பூச்சிகளுக்குத் தங்குமிடமாகிறது. ஒரு மரத்தில் இளைப்பாறி, அடுத்த மரத்துக்குப் பறந்து, இறுதியில் மறு காட்டை அடைகின்றன.

இங்கிலாந்தில் ஒக்ஸ்போட் நகருக்கு அண்மையில் இது சோதித்துப் பார்க்கப்பட்டது. இரவில் விளக்கு வைத்து அந்துப்பூச்சிகளைப் பிடித்து, அடையாளமிட்டு விட்டு, பின்னர் எங்கே மீண்டும் அகப்படுகின்றன என்று பார்த்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வின்படி, கமங்களில் தனித்து நிற்கும் மரங்கள் காட்டு அந்துகளின் நடமாட்டத்துக்கு உதவுகின்றன. ஆயினும் காட்டையே முற்றாக நம்பி வாழும் இனங்களுக்குப் பெரிய காட்டுத் துண்டுகளே தேவை என்பதும் அதில் தெரியவந்தது. தனிமரம் வழியை அமைக்கும், காட்டுக்கு ஈடாகாது.

கமக்காரருக்கு என்ன பயன்?

மத்திய அமெரிக்காவில் உள்ள கொஸ்தாரிக்கா நாட்டில் ஒரு கோப்பித் தோட்டம் ஆராயப்பட்டது. காட்டிலிருந்து ஏறக்குறைய 1 கிலோ மீற்றருக்குள் நின்ற கோப்பிச் செடிகள், தூரத்தில் நின்றவற்றைவிட 20 வீதம் அதிக விளைச்சல் தந்தன. காரணம், காட்டிலிருந்து வந்த தேனீ இனங்கள் செய்த மகரந்தச் சேர்க்கை. அண்டையிலிருந்த இரு காட்டுத் துண்டுகளால் அந்த ஒரு தோட்டத்துக்கு மாத்திரம் கிடைத்த பயன் வருடத்துக்குச் சுமார் 60,000 அமெரிக்க டொலர் என 2004இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தூரம் கூடக் கூடத் தேனீயின் உதவி குறைகிறது என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது.

எமது தோட்டங்களிலும் இவ்வாறான உதவியாளர்கள் உண்டு. கொட்டாத சிறுதேனீ மரப்பொந்தில் கூடு கட்டுகிறது. காய்ந்த கிளையைத் துளைத்து வாழும் கரிய பெரிய தேனீ, கத்தரிப்பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்க்கிறது. கூட்டில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. பொந்துள்ள கிழமரமும் பட்டுப்போன கிளையும் பயனற்றவை என்று நாம் எண்ணுவது எவ்வளவு தவறு!

ஆலமரத்தை எடுத்துக்கொள்வோம். ஆலம்பழத்தினுள் மகரந்தம் சேர்ப்பது மிகச் சிறிய ஒரு குளவி. அது வளர்ந்து வெளிவந்தபின் உயிர்வாழ்வது ஓரிரு நாட்களே. அதற்குள் ஏற்ற பருவத்தில் உள்ள இன்னோர் ஆலைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஊரில் ஆலமரங்கள் அருகிவிட்டால் அக்குளவி வழியிலேயே மடியும். காய்கள் பழுக்காமல் உதிரும். பழத்தை நம்பிய பறவைகளும் வௌவால்களும் ஊரைவிட்டு அகலும். ஓர் ஆலைத் தறிப்பவர் அயலூர் ஆலையும் பாதிக்கிறார்.

பீடைகள் பெருகாதா?

இலை தின்னும் பூச்சிகளிற் பெரும்பாலானவை தமக்குரிய சில செடிகளை மாத்திரமே உண்ணும். கொன்றை இலையைத் தின்னும் மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு நெல்லைத் தொடாது. நெல்லை அழிக்கும் கபிலத் தத்தியோ மரத்தில் வாழ்வதில்லை. அது நெல்லிலேயே பெருகுகிறது. மாறாக, பீடைகளைத் தின்னும் சிலந்தி, குளவி, பறவை என்பன மரத்தில் தங்குகின்றன.

எனினும் சில மரங்களில் அவதானம் வேண்டும். மா, கொய்யா ஆகியவற்றின் கீழ் அழுகும் பழங்களில் பழ ஈ பெருகும். அவற்றைப் பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும். உக்கிய தென்னங்குற்றிகளில் கருவண்டின் புழு வளரும்; அவற்றை அகற்ற வேண்டும்.

முன்னோர் கண்ட வழி

வரண்ட வலயத்துப் பழைய குளங்களின் மேற்பக்கத்தில் ஒரு மரவரிசையும், கட்டுக்கும் வயலுக்கும் இடையே ஒரு பற்றைக்காடும் விடப்பட்டிருந்தன. சிங்களத்தில் முன்னையது 'கஸ்கொம்மன' என்றும் பின்னையது 'கட்டகடுவ' என்றும் அழைக்கப்படும். காற்றைத் தடுப்பதற்கும் உவரை மறிப்பதற்கும் அமைந்த இவை, பூச்சிகளுக்கும் பாதையாயின. இன்று பல இடங்களில் இவையும் வெட்டப்பட்டு வயலாகிவிட்டன.

நாம் செய்யக்கூடியவை

1. ஒரு மரத்தைத் தறிக்குமுன், அதற்கும் அடுத்த மரத்துக்கும் இடையே எவ்வளவு வெளி உண்டாகும் என்று பாருங்கள். வெளி பெரிதாயின் அம்மரத்தை விட்டுவையுங்கள்.

2. நிழல் இடைஞ்சலாயின் கீழ்க்கிளைகளை மாத்திரம் கழியுங்கள்.

3. காட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையே மரமில்லாத இடங்களில் மருது, இலுப்பை, வேம்பு, கொன்றை போன்ற எமது மரங்களை நடுங்கள். வரம்பு மூலைகளும் வாய்க்கால் ஓரங்களும் இதற்கு ஏற்றவை.

4. மரங்கள் பூக்கும் காலத்தில் அவற்றின் அருகே கிருமிநாசினி தெளிக்காதீர்கள்.

5. எவ்வளவு மரம் நட்டாலும், எஞ்சியுள்ள காட்டைக் காப்பதே முதற் கடமை. காடு இல்லையேல், தனிமரத்துக்கு வந்து சேரப் பூச்சிகளும் இரா.

தனி ஒருவர் காணியில் ஒரு மரம் நிற்பதால் மாத்திரம் வழி உண்டாகிவிடாது. அயலவர் காணியிலும் ஒன்று நிற்க வேண்டும். ஆகவே இதனைக் கமக்காரர் அமைப்புக்களின் கூட்டங்களில் பேசி, ஊராகச் சேர்ந்து தீர்மானிப்பதே சிறந்தது. மரத்தை விற்ற பணம் ஒரு போகத்தில் முடிந்துவிடும். அதைப்போல் இன்னொன்று வளர ஒரு தலைமுறை செல்லும்.