ஒளியும் தலைக்கணக்கும்

நெய்வேலி டவுன்ஷிப் தெருக்களில் எல்.இ.டி. வருமுன் எரிந்த சோடியம் விளக்குகளை நினைத்துக்கொள்வோம். அந்த மஞ்சளைப் பார்த்தவர்கள் 'உள்ளே சோடியம்' என்றுதான் வாசித்தோம். வாசிப்பு தவறில்லை, முழுமையில்லை. உயர் அழுத்த விளக்குக்குள் சோடிய ஆவியைவிடப் பாதரச ஆவிதான் பல மடங்கு. பெரும்பான்மை ஏன் கண்ணில் படவில்லை?

அணு சும்மா ஒளி விடாது. எலெக்ட்ரான்கள் மோதி அதை மேல்படிக்கு ஏற்ற வேண்டும், இறங்கும்போதுதான் ஒளி. சோடியம் முதல் படியேற 2.1 எலெக்ட்ரான் வோல்ட் போதும். பாதரசம் நம் கண்ணுக்கு நிறம் காட்ட 7.7 வரையாவது ஏறியாக வேண்டும். அத்தனை உயரம் ஏறுகிறவை சொற்பம். ஆக, ஒரு வரியின் பிரகாசம் மொத்த ஆள்கணக்கு அல்ல. குறிப்பிட்ட படியில் அந்த நேரம் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்கிற கணக்கு. படிநிலைக் குடித்தொகை எனலாம்.

டாக்கா அருகே ஒரு கிராமத்து மளிகைக்கடைக்காரரின் மகன் மேகநாத் சாகா. வெப்பமும் அழுத்தமும் தெரிந்தால் எத்தனை பங்கு அணுக்கள் எலெக்ட்ரானை இழந்திருக்கும் என்று சொல்லும் அவரது சமன்பாடு 1920இல் வந்தது. கொடைக்கானல் ஆய்வகம் பல பத்தாண்டுகள் சூரியனைப் படமெடுத்தது கால்சியத்தின் 'கே' வரியில். சூரிய நிறமாலையில் அது அழுத்தமான கருவரி. கீழ்ப்படியில் நிற்பவை ஒளியை விழுங்குவதால் வருவது. ஆனால் அங்கே ஒரு கால்சியத்துக்குச் சில லட்சம் ஹைட்ரஜன். கால்சியம் பெரும்பாலும் ஓர் எலெக்ட்ரானை இழந்து, அந்த வரிக்கு வேண்டிய படியிலேயே குந்தியிருக்கிறது. ஹைட்ரஜனிலோ, கண்ணுக்குத் தெரியும் வரிக்கு வேண்டிய இரண்டாம் படியில் ஏறக்குறைய 20 கோடியில் ஒன்றுதான்.

1925இல் சிசிலியா பெய்ன் சாகாவின் சமன்பாட்டைக் கொண்டே எண்ணினார்: விண்மீன்களில் ஹைட்ரஜனே பெரும்பான்மை. ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல், நடக்காத காரியம் என்றார். தன் முடிவு அநேகமாக உண்மையல்ல என்று பெய்னே ஆய்வேட்டில் எழுதிவைக்க நேர்ந்தது. 1929இல் ரஸ்ஸலும் அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார். (பெரியவர் சொன்னதும் அது உண்மையாகிவிட்டது.)

சாகாவின் கணக்கு மோதல் நெரிசலுள்ள இடத்துக்கே செல்லும். காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1989இல் இயங்கத் தொடங்கிய ஆதித்யா டோகாமாக்கின் பிளாஸ்மா மிக மெல்லியது. ஏறிய அணு, அடுத்த மோதலுக்குக் காத்திராமல் ஒளிவிட்டு இறங்கிவிடும். அங்கே ஒவ்வொரு படிக்கும் தனித்தனியே வரவுசெலவு எழுத வேண்டும்: மோதி ஏறியது, மோதி இறங்கியது, ஒளிவிட்டு இறங்கியது, அயனியாகி வெளியேறியது, திரும்பி வந்து சேர்ந்தது. இவற்றை ஒருசேரத் தீர்த்தால்தான் ஹைட்ரஜனின் சிவப்பு வரியைப் பார்த்து, சுவரிலிருந்து எத்தனை அணு உள்ளே வருகிறது என்று சொல்லலாம். மோதல் வீதங்களில் பல அளந்தெடுத்தவை அல்ல, கணக்கிட்டவை. அந்த எண்ணை மாற்றிப் போட்டால், அதே சிவப்பு வேறு தலைக்கணக்கைக் காட்டும்.