மண்ணெண்ணெய் சுமந்த தொட்டி வாகன்கள்

விக்கிரவாண்டியைச் சூழ்ந்த கிராமங்களில் மண்ணெண்ணெய் வருமுன்னர் இரவில் வெளிச்சம் தந்தது செக்கு எண்ணெயே. ஆமணக்கு, இலுப்பை, புங்கம் ஆகியவற்றின் வித்துக்களை ஆட்டி எடுத்த எண்ணெயை அகலில் ஊற்றி எரித்தார்கள். வித்தும் ஊரில் விளைந்தது. செக்கும் ஊரிலேயே இருந்தது. ஆகவே எண்ணெயைத் தூரதேசத்திலிருந்து கொண்டு வரும் செலவு என்ற விஷயமே எழவில்லை. கடல் கடந்து வந்த மண்ணெண்ணெய் வீடுதோறும் புகுந்த பிறகுதான், விளக்கெரிக்கும் குடியானவர் எண்ணெய்க்கு மட்டுமன்றி, அது வந்த வழிக்கும், அதைச் சுமந்த பாத்திரத்துக்கும் சேர்த்து விலை கொடுக்க நேர்ந்தது. பாத்திரச் செலவைக் குறைக்க ரெயில்வேக்காரர்கள் கண்ட உபாயமே எண்ணெய்த் தொட்டி வாகன்.

இது முதலில் அமெரிக்காவில் தோன்றியது. 1859-ம் வருஷம் பென்ஸில்வேனியா மாகாணத்து டைட்டஸ்வில் என்னும் ஊரில் டிரேக் என்பவர் கிணறு துளைத்து எண்ணெய் கண்டார். எண்ணெய் மிகுதியாய்ச் சுரந்தது. கொண்டு போகத்தான் வழியில்லை. மரப் பீப்பாய்கள் ஒழுகின. உள்ளே இருக்கும் எண்ணெயைவிடப் பீப்பாயே அதிக விலை பெற்ற காலமும் உண்டு. 1865-ம் வருஷம் ஏமஸ், ஜேம்ஸ் டென்ஸ்மோர் என்ற இரு சகோதரர்கள், மட்டமான ரெயில் வாகனின் மேல் இரண்டு பெரிய மரத் தொட்டிகளை நிறுத்தி எண்ணெய் நிரப்பி அனுப்பினார்கள். இரண்டிலுமாகச் சுமார் 80 பீப்பாய் எண்ணெய் கொண்டது. அவ்வளவு எண்ணெயைத் தனித்தனிப் பீப்பாய்களில் நியூயார்க்குக்கு அனுப்புவதைவிட இதில் 170 டாலர் மிச்சப்பட்டதாகக் கணக்கு. (இவர்களில் ஜேம்ஸ் என்பவரே பிற்காலத்தில் டைப்ரைட்டர் யந்திரம் வெளிவரப் பணம் போட்டு உழைத்தவர்.)

ஆயினும் மரத்தொட்டி நீடிக்கவில்லை. நெட்டையாக நின்றதால் வளைவுகளில் வாகன் ஆடிற்று, மூட்டுகள் கசிந்தன, விபத்து நேர்ந்தால் தொட்டி உடைந்து தீப்பற்றியது. சில வருஷங்களுக்குள், ஏறக்குறைய 1869 முதல், என்ஜின் பாய்லரைப் போன்ற இரும்பு உருளையைப் படுக்கை வாட்டில் வைக்கும் முறை வந்தது. உருளைக்கு மூலைகள் இல்லாததால் அழுத்தம் எங்கும் ஒருசீராகப் பரவும். பாரமும் தாழ்வாக அமையும்.

உருளையின் முதுகில் கூஜா கவிழ்த்ததுபோல் ஒரு குமிழ் இருந்தது. இது அலங்காரத்துக்கு அன்று. மண்ணெண்ணெய் சூட்டில் விரியும் தன்மையுடையது. 20 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் ஏறினால் 1,000 காலன் எண்ணெய் ஏறத்தாழ 18 முதல் 20 காலன் வரை பெருகும். அப்பெருக்கத்துக்கு இடமில்லையேல் எண்ணெய் வெளியே பொங்கும், அல்லது தொட்டியைப் பிளக்கும். குமிழ் அதற்கு விட்ட இடம். சில்லறை விற்பனைக்கும் இது பொருந்தும். உச்சி வெயிலில் காய்ந்த நாலு காலன் டின்னை அளந்து வாங்கி, விடியற்காலைக் குளிர்ச்சியில் மறுபடி அளந்தால் அரைப் புட்டிக்குக் கிட்டக் குறையக்கூடும். பண்டகசாலை குமாஸ்தாவின் மேல் சந்தேகப்படுமுன் வெயிலையும் விசாரிப்பது நியாயம்.

ருஷியாவில் பாக்கூ எண்ணெய் வயல்களிலிருந்து கருங்கடல் துறைமுகமான பாட்டூமுக்கு 1883-ல் ரெயில் பாதை முடிந்தது. தொட்டி வாகன்கள் அதில் மண்ணெண்ணெயைக் கொண்டு சேர்த்தன. 1892-ல் மார்க்கஸ் சாமுவேல் என்ற லண்டன் வர்த்தகரின் ‘மியூரெக்ஸ்’ என்னும் தொட்டிக் கப்பல் பாட்டூமில் எண்ணெய் ஏற்றி, சூயஸ் கால்வாய் வழியாகக் கீழ்த்திசைக்கு வந்தது. டின் செலவு ஒழிந்தது என்று வர்த்தகர்கள் எண்ணினார்கள். ஜனங்களோ டின்னையே கேட்டார்கள்! தண்ணீர் மொள்ளவும், தானியம் வைக்கவும், கூரைக்குத் தகடாக்கவும் காலி டின் உதவிற்று. முடிவில் கீழ்த்திசைத் துறைமுகங்களிலேயே டின் செய்து நிரப்ப வேண்டியதாயிற்று.

சென்னைக்குப் பர்மா எண்ணெய் பெருவாரியாக வந்து, கரையோரத் தொட்டிகளில் தேங்கியது. 1914-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு ஜெர்மானிய யுத்தக்கப்பல் எம்டன் பீரங்கிப் பிரயோகம் செய்தது இத்தொட்டிகளின் மேல்தான். மூன்று லட்சம் காலனுக்கு மேல் எரிந்து போயிற்று. சூழ்ச்சிக்காரனை ‘எம்டன்’ என்பது அன்று முதல் தமிழ் வழக்காயிற்று.

சென்னையிலிருந்து செங்கற்பட்டு, திண்டிவனம், விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம் செல்லும் இருப்புப்பாதை 1870-களில் மீட்டர் பாதையாகப் போடப்பட்டது. தொட்டி வாகனால் வந்த மிச்சம் இப்பாதையோரத்துச் சிற்றூருக்கு முழுமையாகக் கிட்டாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. வாகனிலிருந்து எண்ணெயை இறக்குவதற்குப் பம்பும் பெருந்தொட்டியும் வேண்டும். சிறு ஸ்டேஷனுக்கு அவ்வளவு முதலீடு கட்டாது. இரண்டாவதாக, தொட்டி வாகன் திரும்பும்போது வெறுமையாகவே திரும்பும். மண்ணெண்ணெய் இருந்த தொட்டியில் வேறு சரக்கை ஏற்ற இயலாது. டின்களைக் கொண்டுவந்த மூடு வாகனோ, திரும்புகையில் மூட்டை ஏற்றலாம். அன்றைய தென்னார்க்காடு ஜில்லாவோ நிலக்கடலை ஜில்லாவாக இருந்தது. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. ரகங்கள் பெயர் பெற்றவை. கடலை மூட்டைக்கு வாகன் தேவைப்பட்ட சீமையில் டின் பாரத்துக்கும் இடம் இருந்தது.

ஆகவே தொட்டியில் தொடங்கிய பிரயாணம் டின்னில் தொடர்ந்து, கட்டைவண்டியில் ஊர் சேர்ந்து, கடைக்காரரின் புட்டியில் முடிந்தது. புட்டி புட்டியாகக் கடனுக்கு வாங்கியவர் அதிக விலை கொடுத்தார். காலி டின் விற்ற காசோ கடைக்காரருக்கே சேர்ந்தது. உறுப்பினர் பலர் கூடி டின்னாகவே வாங்கும் சங்கத்தில் அக்காசும் எண்ணெய்க் கணக்கில் வரவாக வேண்டியது.

1942-ம் வருஷம் ஜப்பானியர் நெருங்கியபோது, ரங்கூனை அடுத்த ஸிரியம் சுத்திகரிப்பு ஆலையும் ஏனாங்ஜாங் எண்ணெய் வயல்களும் பிரிட்டிஷாராலேயே அழிக்கப்பட்டன. பர்மா எண்ணெய் நின்றது. அளவு கட்டி விற்கும் முறை வந்தபோது கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்கும் அந்த விநியோகத்தில் பங்கு கிடைத்தது. எண்ணெய் கிடைக்காத வீடுகளில் பரணிலிருந்த அகல்கள் மீண்டும் கீழே இறங்கின. ஆனால் பல ஊர்களில் அதற்குள் செக்கு நின்றுபோயிருந்தது.